சிப்பாக்காரியும் வாந்தி மாத்திரையும்

வில்யாரிகா பஸ் நிலையத்தில் எர்மெலிந்தாவைத் தெரியாதவர் கிடையாது. கூடை நிறையச் சுடச்சுட சிப்பா ரொட்டியோடு பஸ்ஸில் ஏறினால், அடுத்த ஊர் வருவதற்குள் காலிக் கூடையோடு இறங்குவாள். அப்படிப்பட்டவளை மார்பில் வந்த புற்றுநோய்க் கட்டிகூடச் சாய்க்கவில்லை, அதற்குப் போட்ட ஊசி சாய்த்துவிட்டது. ஆறு ஊசியில் முதல் ஊசிக்கே இரண்டு நாள் குடலைப் பிடுங்கும் வாந்தி. "செத்தாலும் சாவேனே தவிர, இனி அந்த ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

தப்பென்னவோ அவளுடையதுதான். வாந்தி மாத்திரை கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். வாந்தி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இவள் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். வந்த பிறகு போட்டது வயிற்றில் தங்குமா? நர்ஸ் சுனில்டா விடவில்லை, வீடு தேடியே வந்துவிட்டாள்.

"ஊசிக்கு முன்னாடி ஒண்ணு. அப்புறம் நான் எழுதின நேரத்துக்கு, நல்லா இருந்தாலும் போடணும். போட்டது வெளிய வந்துட்டா நீயா இன்னொண்ணு போடாதே, எனக்குப் போன் பண்ணு. வேற மாத்திரை, பச்சிலை எதுன்னாலும் முதல்ல என்னைக் கேளு."

பச்சிலை என்றதும் எர்மெலிந்தாவுக்குத் திக்கென்றது. பச்சிலைக் கடை ஒப்துலியா இருபது வருஷத் தோழி. ஐஸ் தண்ணீரில் மூலிகை இடித்துப் போட்டு அவள் நீட்டும் தெரெரேயை வேண்டாமென்றால் அவள் முகத்தில் அறைந்த மாதிரி. ஆனாலும் உயிர் அதைவிடப் பெரிது; அடுத்த ஊசிக்கு வரச் சம்மதித்தாள்.

இரண்டாவது ஊசிக்கு மறுநாள், வீட்டில் இருப்புக் கொள்ளாமல் ஒப்துலியாவின் கடையில் வந்து உட்கார்ந்தாள். மணி எட்டானதும் மாத்திரையை விழுங்கினாள்.

"வாந்தியே இல்ல, எதுக்குடி மாத்திரை? இந்தா, இதக் குடி."

"வேண்டாம்டி."

"நானென்ன விஷமா குடுக்கறேன்?" ஒப்துலியாவுக்கு முகம் தொங்கிவிட்டது.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எர்மெலிந்தா சாக்கடையோரம் ஓடினாள். போட்ட மாத்திரையும் வெளியே வந்துவிட்டது.

"பாத்தியா? இது என் மருமகனுக்குக் குடுத்த வாந்தி மாத்திரை. ரெண்டா முழுங்கு!"

ஒரு கணம் விழுங்கிவிட ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் எர்மெலிந்தா வாயைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். எப்போது போட்டாள், எப்போது வந்தது என்றெல்லாம் சுனில்டா கேட்டாள். "சரி, அதே மாத்திரை இன்னொண்ணே ஒண்ணு போடு. அடுத்தது எழுதின நேரத்துக்குத்தான்."

ஒப்துலியா போனைப் பிடுங்கினாள். "என்கிட்ட இருக்கறதும் வாந்தி மாத்திரைதானேம்மா?"

"ஒண்ணு மேல ஒண்ணு போட்டா நெஞ்சுத் துடிப்பே தாறுமாறாப் போயிடலாம். ஒருத்தர் மாத்திரைய இன்னொருத்தருக்குக் குடுக்காதீங்கம்மா."

ஒப்துலியா போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஜாடியிலிருந்த மூலிகைத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள். கழுவிய இரண்டு டம்ளரில் நல்ல தண்ணீர் ஊற்றி, ஒன்றைத் தோழியிடம் கொடுத்துவிட்டு மற்றதைத் தான் எடுத்துக்கொண்டாள்.

அந்த வழியாகப் போன டிரைவர் ஒருவன் சிரித்தான். "என்னக்கா, பச்சிலைக்காரி வெறுந்தண்ணி குடிக்கற? சரக்கு கெட்டுப்போச்சா?"

"இவளுக்கு இன்னும் நாலு ஊசி பாக்கிடா" என்றாள் ஒப்துலியா. "அது முடியற வரைக்கும் எனக்கும் இதுதான்."