மேலே பூசிய சேறு

ஒத்திலியாவுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு: புருஷனை எதிர்த்து வாய் திறக்காதவள். முப்பது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்காக அவளைத் திட்டியும் இருக்கிறேன்.

மெக்ஸிகோவில் கால்வாய்களுக்கு நடுவே இருக்கிற எங்கள் சோச்சிமில்கோவில் நாற்று என்றாலே கால்வாய்ச் சேறுதான். அவள் புருஷன் எலிஹியோ படகில் நின்று அதை அள்ளி வருவான். அதைக் குறை சொன்னால் அவன் அம்மாவைக் குறை சொன்ன மாதிரி. விதைக்கு அது அமிர்தம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செடியிலிருந்து வெட்டி நடுகிற, வேரே இல்லாத போத்து அந்த ஈரத்தில் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு ஊரெல்லாம் சிவக்கும் நோச்சேபுவேனாப் பூ, அவர்கள் தோட்டத்தில் மட்டும் வெண்ணெய் நிறத்தில் வரும். அப்படி இருந்தது ஒரே ஒரு செடி. அந்த வருஷ மழையில் கால்வாய் பொங்கி அதன் வேர் அழுகியது. அவசரமாக ஆறு போத்து வெட்டிச் சேற்றில் நட்டார்கள். பத்தே நாளில் ஆறும் அடி கறுத்துப் போயின. தாய்ச்செடியில் இன்னும் மூன்று போத்துக்குத்தான் உயிர் மிச்சம்.

"சிவப்பு எரிமலைக் கல்லை நுணுக்கி அதுல நடுடி. தண்ணி தங்காது," என்றேன்.

"அவரு மனசு உடைஞ்சிடும்க்கா. மருமககூடக் கடையில நார்த்தூள்தான் வாங்கறா. அவரு சேத்தைக் கேக்கறது இப்ப நான் ஒருத்திதான்."

"அப்ப செடி போகட்டும். சேத்தை வச்சுக் கும்பிடு!"

மறுநாள் எலிஹியோ படகேறியதும் அந்த மூன்று போத்தும் மூன்று தொட்டியுமாக என் வீட்டுக்கு வந்தாள். கல்லை நுணுக்கினாள், கழுவினாள், போத்துகளை நட்டாள். பிறகு மேலே விரல் கனத்துக்குச் சேற்றைப் பூசினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

மூன்றும் துளிர்த்தன. "பாத்தீங்களா என் சேத்தை!" என்று எலிஹியோ கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். ஒத்திலியா கண்ணாலேயே கெஞ்சியதால் வாயை மூடிக்கொண்டேன்.

பெரிய தொட்டிக்கு மாற்றும் நாளில் அவனே ஒன்றைக் கவிழ்த்துத் தட்டினான். பொலபொலவென்று சிவப்புக் கல் கொட்டியது. மிச்சக் கல்லை வெள்ளை வேர்கள் கவ்விக்கொண்டிருந்தன. ஒத்திலியா அடுப்படியில் இருந்தாள். அவன் ஒரு கல்லை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, நட்டு முடித்தான். நான் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

மறுநாள் அவன் படகில் ஒரு மூட்டை சிவப்புக் கல் வந்து இறங்கியது. ஒத்திலியாவின் முகம் வெளிறிவிட்டது.

"இதை நுணுக்கி வை. அடுத்த போத்துக்கு ஆகும்," என்றான். பிறகு படகுக்குள் குனிந்து ஒரு சின்ன வாளியை எடுத்து நீட்டினான்.

"மேல பூசக் கொஞ்சம் சேறும் கொண்டாந்திருக்கேன்."