கழட்டாம

வளையல்காரர் என்ற பெயரை அவருக்கு வைத்தது அவர் மனைவிதான். கல்யாணமான புதிதில் ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், இடது கையில் முழங்கை வரைக்கும் கறுப்பு வளையங்களை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பையில் இடமில்லையாம்.

"வளையல் விக்க வந்தீங்களா? எனக்கு இந்த டிசைன் வேணாம்" என்றாள் அவள். பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த வளையத்துக்கு கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் சி.டி. என்பார்கள். பெரிய மோட்டாருக்குப் போகிற தடித்த கேபிள் அதன் ஓட்டைக்குள் நுழைந்து வெளியே வரும். வளையம் கேபிளுக்குள் இருக்கும் செம்புக் கம்பியைத் தொடுவதே இல்லை. தொடாமலே, உள்ளே எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்து, அதில் ஒரு சின்னப் பங்கை இரண்டு மெல்லிய ஒயர் வழியாக மீட்டருக்கு அனுப்பும். "சிங்கத்தோட வாயில கைய விடாமலே அதுக்கு எவ்வளவு பசின்னு சொல்லிடும்" என்று யார் கேட்டாலும் சொல்வார்.

வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவர் அவர். அவருடைய அம்மாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. "இத்தனை படிச்சும் கையில கரியோடதான் வர்றே" என்பாள். அவர் சிரித்துவிட்டுக் கை கழுவப் போவார். ஆனால் கண்ணாடியில் முகம் பார்க்கும்போது அந்தக் கேள்வி அங்கேயே நிற்கும். படித்தது எதற்கு? நாலு பேர் முன்னால் பெருமையாகப் பேசவா, இல்லை, பேசாமல் ஒழுங்காக வேலை பார்க்கவா?

அந்த நாலு பேர் முன்னால்தான் வம்பு வந்தது.

மனைவியின் தம்பி வீட்டு ஒயரிங் செய்கிறவன். படிப்பு ஏறவில்லை, கைவேலை ஏறியது. எதையும் முதலில் டெஸ்டர் வைத்துப் பார்ப்பான். ஒயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டுத்தான் கை வைப்பான். "கழட்டிட்டா செத்த பாம்பு" என்பது அவன் வேதம். வளையல்காரர் வீட்டு மாடியில் புதிதாக எடுத்த அறைக்கு அவன்தான் ஒயரிங் செய்தான். அறையைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது, சுவிட்ச் பெட்டியைத் திறந்து காட்டிய வளையல்காரர் வாய் சும்மா இருக்காமல், "ஒயரிங்கா இது, குருவிக்கூடா?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மைத்துனன் மட்டும் பெட்டியை மெதுவாக மூடினான்.

அன்றிலிருந்து அவன் அவரிடம் பேசுவதில்லை. தான் சொன்னது வேடிக்கையா, இல்லை உள்ளே இருந்த பட்டம்தான் பேசியதா என்று அவருக்கே நிச்சயமில்லை. கேட்டுத் தீர்த்துக்கொள்ளவும் வாய் வரவில்லை.

இத்தனைக்கும் இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றியவள் மனைவி. "அவனுக்கு இப்ப வேலை இல்ல. உங்க கூட சேத்துக்கோங்க. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. பாத்துக்கோங்க" என்றாள். வீட்டில் அவள் வழியாகத்தான் பேச்சு நடக்கும்.

"அக்கா, அவர்கிட்ட கேளு, ஏணி எடுக்கணுமான்னு."

"எடுக்கச் சொல்லு."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன போஸ்ட் ஆபீஸா?" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். வெளியில் வந்துவிட்டால் போஸ்ட் ஆபீஸ் கிடையாது. அங்கே அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். அவன் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்துப் புரிந்துகொள்வான். அதுவரை வேலைக்குக் குறை வரவில்லை.

அன்று மத்தியானம் போனது ஒரு குளிர் கிடங்குக்கு. கதவைத் திறந்தாலே கம்ப்ரஸரின் இரைச்சல் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தரை ஈரமாக இருந்தது. கம்ப்ரஸர் மோட்டாருக்குக் கரண்ட் போகிற பேனலின் கதவில் மூன்று மீட்டர்கள். இரண்டில் முள் அசையாமல் நின்றது, மூன்றாவதில் வலிப்பு வந்ததுபோல் துடித்தது. அந்த மீட்டரை மாற்ற வேண்டும்.

"மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்தணும்" என்றார் வளையல்காரர்.

மேனேஜர் கையை விரித்தார். "உள்ள இருக்கிற சரக்கு கெட்டா உங்க தலையிலயா கட்டுறது? ஓடும்போதே மாத்த முடியும்னுதான் படிச்சவரைக் கூப்பிட்டோம்."

முடியும்தான். அதற்கு ஒரு முறை இருக்கிறது. வளையத்திலிருந்து வரும் இரண்டு ஒயரையும் முதலில் ஒரு பித்தளைப் பட்டையால் சேர்த்துக் கட்ட வேண்டும். அதன் பிறகே மீட்டரை எடுக்க வேண்டும். வீட்டு ஒயரிங்குக்கு நேர் எதிர். அங்கே பிரித்தால் ஆபத்து போகும். இங்கே பிரித்தால்தான் ஆபத்து வரும். கேபிளில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க, வளையம் தன் பங்கைத் தள்ளிக்கொண்டே இருக்கும். போக வழியில்லாவிட்டால், பிரிந்த முனையில் ஆளைத் தூக்கி அடிக்கிற வோல்டேஜாக ஏறி நிற்கும்.

பித்தளைப் பட்டை வண்டியில் இருந்தது. வளையல்காரர் பேனல் கதவைத் திறந்தார். மைத்துனன் பக்கத்தில் நின்றான். முகத்தைப் பார்க்காமல் பேனலைப் பார்த்தே சொன்னார்:

"அந்த ரெண்டு ஒயரையும் கழட்டாம விட்டுடணும்."

சொல்லிவிட்டு வண்டிக்கு நடந்தார்.

கம்ப்ரஸர் இரைச்சலில் அவனுக்குக் காதில் விழுந்தது, "கழட்டி விட்டுடணும்." ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். என்ன சொன்னீங்க என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் பேசினதாகிவிடுமே. டெஸ்டரை இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தான். எரியவில்லை. செத்த பாம்பு. ஸ்க்ரூவைத் திருக ஆரம்பித்தான்.

வளையல்காரர் வண்டியில் இருந்த கருவிப் பெட்டிக்குள் பட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது, உள்ளே இருந்து வந்த இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. மெல்லிய உறுமல். இரும்பு பல்லைக் கடிப்பதுபோல். பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறாரே தவிர, அதுவரை அவர் அதைக் கேட்டதில்லை. ஆனாலும் உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். பேனலுக்குள் நீல வெளிச்சம் படபடத்தது. மைத்துனனின் கை உள்ளே இருந்தது. அவன் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. வளையல்காரர் அவனைத் தொடவில்லை. தொடக் கூடாது என்று தெரிந்த அந்த ஒரு கணம்தான் அவர் வாழ்க்கையிலேயே கொடுமையானது. சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தார்.

கம்ப்ரஸர் நின்றது. காது அடைத்துக்கொண்டதுபோல் ஒரு அமைதி. மைத்துனன் ஈரத் தரையில் சரிந்து உட்கார்ந்தான். வலது கையின் இரண்டு விரல்கள் கருகியிருந்தன.

"நீங்கதானே சொன்னீங்க" என்றான். பல மாதத்துக்குப் பிறகு அவரிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

அவனைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "நான் திரும்பி வர்ற வரைக்கும் ஓட்டக் கூடாது. அந்த ரிங் கெட்டுப் போயிருக்கும்" என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் தலையை ஆட்டினார், எந்தப் பக்கம் என்று தெரியாதபடி.

ஆஸ்பத்திரியில் உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். விரல் மடங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்கள். மனைவி அலறிக்கொண்டு வந்தாள். தம்பியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அவன்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனீங்க?"

சொல்ல வாயெடுத்தார். கழட்டாம என்றுதான் சொன்னார். அப்படித்தான் சொன்னாரா? மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நாக்கு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் புரண்டது. முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் உதடாவது சாட்சி சொல்லியிருக்கும். அவர் சொன்னது பேனலிடம். அது வாய் திறக்கப் போவதில்லை.

போன் அடித்தது. மேனேஜர்.

"உங்க பையன் எப்படி இருக்கான் சார்? சரக்கு தாங்கலை, அதான் ஓட்டிட்டோம். அந்த ரெண்டு ஒயரையும் நம்ம ஆளே சேத்து முறுக்கி விட்டுட்டான். நல்லாத்தான் ஓடுது."

முறுக்கி விட்ட ஒயர். அதிர்ந்துகொண்டே இருக்கும் பேனல். ஏற்கெனவே உள்ளே வெந்துபோன வளையம். முறுக்கு எப்போது அவிழும் என்று யாருக்குத் தெரியும்? அவிழும்போது பக்கத்தில் யார் நிற்பார்கள்?

"ஓட்டாதீங்க" என்றார்.

"என்ன சார்?" போனுக்குள் கம்ப்ரஸர் இரைந்தது.

"ஓட்டாதீங்க! ஓட்டாதீங்க!"

"ஆமா சார், ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றது குரல், சந்தோஷமாக. லைன் அறுந்தது.

திருப்பி அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப் போகிறது? படுக்கையில் கண்ணை மூடியிருந்த மைத்துனன் திறந்தான். அக்காவைப் பார்க்கவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தான்.

"மாமா, போன்ல சொல்லாதீங்க. நேர்ல போங்க."

வளையல்காரர் படிக்கட்டில் ஓடினார்.