ஐஸில் செத்த ரத்தம்

எழுபதுகளின் கடைசியில் மலைமேல் ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்தோம். இரண்டு வயதாகியும் மகன் உட்காரவில்லை. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர் அவன் ரத்தத்தை எடுத்து, கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் கொடுக்கச் சொன்னார். காய்கறி லோரி ஓட்டும் என் கணவர், மலைக்குக் கீழே தாப்பா ஊர் வெயிலில் கெட்டுவிடுமே என்று மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, அதில் புதைத்துக் கொண்டுபோனார்.

“ஐஸ்ல செல்லெல்லாம் செத்துப்போச்சுலா. உயிரோட இருந்தாதான் வளத்து, குரோமோசோம பாக்க முடியுமாம்,” என்றார் டிரஸ்ஸர்.

மறுபடியும் பிள்ளையைக் குத்தினார்கள். இந்த முறை ரத்தக் குப்பி ஐஸ் இல்லாமல் கணவரின் சட்டைப்பையில் போனது. முடிவு வந்ததும் டிரஸ்ஸர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“சின்னதா ஒரு குரோமோசோம் கூடுதலா இருக்கும்மா. எந்தக் குரோமோசோம்லேர்ந்து உடைஞ்சு வந்துச்சுன்னு கண்டுபிடிக்க அவங்ககிட்ட வழியில்ல.”

மகன் உட்காராமலே இறந்துபோனான்.

இப்போது லயத்தில் யார் ரத்தம் சோதனைக்குக் கீழே போனாலும், டிரஸ்ஸரைக் கேட்காமல் ஐஸ் வைக்காதீர்கள் என்று ஓடிப்போய்ச் சொல்கிறேன். பதில் வரும் என்று மட்டும் சொல்வதில்லை.