பெயர் போட்ட தோல்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், கோயில் அலுவலக மேசையின் மேல் சைடு டிரம் இருந்தது. அதன் மேல்தோல் நடுவில் கிழிந்திருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் சபைச் செயலாளரான என் மாமா நேசக்குமார். இந்தப் பக்கம், பதினோரு வருடமாக அந்த டிரம்மை வாசிக்கும் கிருபை அக்கா. நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

“என்னளா இது?” என்றார் மாமா.

“கிழிஞ்சிட்டு.”

“அது கண்ணுக்குத் தெரியுது. எப்படிக் கிழிஞ்சிது?”

“அடிச்சா கிழியத்தான் செய்யும். முத்தம் குடுக்கவா வாங்கிப் போட்டிய?”

“எங்கப்பா பேர்ல கிழிஞ்சிருக்கு. ‘ஞானா’ ஒரு பக்கம் கெடக்கு, ‘பரணம்’ ஒரு பக்கம் கெடக்கு.”

“நடுவுல பேர எழுதினது நானா? குச்சி விழுத எடத்துல பெயிண்ட அப்பி வச்சா, பெயிண்ட் வெடிக்கும். அதோட சேந்து தோலும் வெடிக்கும்.”

“நீ வேணும்னே அடிச்சிருக்க.”

“ஆமா. டிரம்ம வேணும்னேதான் அடிப்பாவ. தெரியாமயா அடிப்பாவ?”

மாமாவின் முகம் கறுத்தது. “பேச்சக் கொற. வார சனிக்கிழம பவனி. புதுத் தோலும் நாங்கதான் போடுதோம். அதுலயும் எங்கப்பா பேரு முந்தி இருந்த மாதிரியே இருக்கும்.”

“பெயிண்ட் போட்டா சத்தம் எழும்பாது.”

“சத்தத்துக்கு நீ இருக்கல்லா.”

“அப்ப நான் அடிக்க மாட்டேன்.”

“நல்லதாப் போச்சு. நம்ம சபைப் பையன் எபனேசரு கரண்டுல அடிக்கற டிரம் பேடு வாங்கி வச்சிருக்கான். அவன முன்னால விடுதோம்.”

அக்கா டிரம்மைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, “தோல நாந்தான் பாத்து எடுப்பேன்” என்றார்.

“எடு. ஆனா இவ கூட வருவா.” மாமா என்னைக் காட்டினார். “வெள்ளத் தோலா வாங்கணும். கண்ணாடி மாதிரி இருக்கதுல பெயிண்ட் நிக்காது. நீ அதத்தான் தூக்கிட்டு வருவன்னு எனக்குத் தெரியும்.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “காவலா?”

“இல்லக்கா, துணைக்கு.”

“ஒங்க குடும்பத்துல ரெண்டும் ஒண்ணுதான்.”

எங்கள் கோயிலில் பெயர் இல்லாத பொருள் கிடையாது. மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் ஒரு பெயர் சுற்றும். பெஞ்சின் முதுகில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, தண்ணீர்ப் பானையின் மூடியில் என்று கொடுத்தவர்களின் பெயர் இருக்கும். டிரம்மின் மர உடலைச் சுற்றி ‘ஜெயஷீலா டீச்சர் பணி நிறைவு நினைவாக’ என்று எழுதியிருக்கிறது. தோளில் மாட்டும் வார் இன்னொரு குடும்பத்தின் காணிக்கை. மேல்தோல் மட்டும் எங்களுடையது. அதனால் எங்கள் பெயர் தோலில்தான் இருக்க முடியும். மர உடலில் எழுதப் போனால் டீச்சர் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். கல்லூரிக் காலத்திலிருந்து இந்தப் பெயர்களை எழுதுவது என் வேலை. தமிழிலும் இங்கிலீஷிலும் என் எழுத்து சீராக இருக்கும் என்று சொல்லிப் பழக்கிவிட்டார்கள். கிழிந்த தோலில் இருந்த பெயர் மட்டும் எனக்கு முன்னால் ஒரு பெயிண்டர் எழுதியது.

கிருபை அக்காவுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு எடை மேடையில் வேலை. நிலக்கரியும் உப்பும் ஏற்றிய லாரிகள் மேடையில் ஏறும்போது கண்ணாடிக் கூண்டிலிருந்து அவர் போடும் சத்தம் சாலைக்கு அந்தப் பக்கம் டீ குடிப்பவர்களுக்கும் கேட்கும். “கிளீனர எறங்கச் சொல்லு. அவனையும் நெலக்கரியோட சேத்து விக்கப் போறியா?” அவரைப் பிடிக்காத டிரைவர்கள் நிறைய. அவருக்குப் பிடித்த டிரைவர் யாரும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

டிரம் பள்ளிக்கூடத்தில் கற்றது. மிஷன் பள்ளியின் பேண்டு வரிசையில் ஒரே உயரத்தில் ஆள் தேவைப்பட்டதால் எட்டாம் வகுப்பில் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். குச்சி கையில் நின்றுவிட்டது. இருபத்தாறு வயதில் தாமிரபரணிக் கரையில் நெல் விவசாயம் செய்யும் ராமர் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணம். அப்போது சபைச் செயலாளர் என் தாத்தா ஞானாபரணம். அடுத்த வாரமே அவர் அக்காவின் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

மூன்று வருடம் கழித்து, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று அக்கா வந்தபோது, சபை முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தாத்தா தன் கையால் எழுதிய தாளை அக்கா வாசித்தார். வாசித்து முடித்ததும் தாத்தா எழுந்து, “வேகமா வாசிச்சிட்ட. பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கல. திரும்ப வாசி” என்றார். அக்கா திரும்ப வாசித்தார். இந்த முறை தெருவுக்கே கேட்டது. தாத்தா வீட்டில் யாரையும் அதட்டிப் பேசாதவர். ஆனால் நான் பார்த்தது அது.

தாத்தா இறந்த மறு வருடம் எங்கள் குடும்பம் டிரம்முக்குத் தோல் போட்டுக் கொடுத்தது. அதே வருடம் டிரம் வாசித்துக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட, குருவானவர் அக்காவைக் கூப்பிட்டார். அந்தப் பெயரை அடிப்பதற்காகத்தான் கிருபை டிரம் எடுத்தாள் என்று சபையில் சொல்வார்கள். அக்கா அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

புதன்கிழமை அவருக்கு வேலை இல்லாத நாள். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். தூத்துக்குடி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த இசைக்கருவிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் முத்துச்செல்வம், மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமல் “என்ன வேணும்?” என்றார்.

“சைடு டிரம்முக்கு மேல்தோல்.”

“சைஸ்?”

மாமா எழுதிக் கொடுத்த சீட்டை நான் நீட்டினேன். பதினஞ்சு இஞ்ச் என்று இருந்தது. அக்கா அதைப் பிடுங்கினார். “இரும்பு வளையத்தோட சேத்து அளந்திருக்காவ. மூடிய அளந்துட்டுச் சட்டி வாங்கப் போற ஆளு.” தன் பையிலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். வளையத்தைக் கழற்றி, மர உடலின் வாயை அளந்து ஒடித்த ஈர்க்கு. கடைக்காரர் டேப்பை வைத்துப் பார்த்தார். பதினாலு.

“ஈர்க்கு வச்சு அளந்துட்டு வார மொத ஆளு நீங்கதான்.”

“அது கூட்டியும் சொல்லாது, கொறச்சும் சொல்லாது. எடுங்க அண்ணாச்சி.”

இரண்டு தோல்கள் வந்தன. ஒன்று வெள்ளை, தடவினால் சொரசொரப்பு. இன்னொன்று கண்ணாடி போல, அந்தப் பக்கம் தெரியும். அட்டையில் இங்கிலீஷில் இருந்ததை அக்கா என்னை வாசிக்கச் சொன்னார். வெள்ளை ஒரே அடுக்கு, மேலே பூச்சு. மற்றது இரண்டு அடுக்கு, பூச்சு இல்லை என்று சொன்னேன்.

“வேற?”

“ரெண்டும் தெளிவான சத்தம் தரும்னு போட்டிருக்கு.”

“போடாம இருப்பானா? ரெண்டையும் மாட்டிக் காட்டுங்க அண்ணாச்சி.”

“மாட்டினா விளிம்புல தடம் விழும். அப்புறம் யாரு வாங்குவா?”

“மாட்டாம எப்படி வாங்க? லாரியவே ஏத்திப் பாத்துத்தான் சீட்டு குடுக்கோம்.”

“இது லாரி இல்லம்மா. வேணும்னா சேந்தாப்புல அடித்தோலையும் மாத்திருங்க, போட்டுத் தாரேன்.”

“அடித்தோலு நல்லாருக்கு. ஒம்ம சரக்க விக்க வேற ஆளப் பாரும்.”

அண்ணாச்சி முறைத்தார். அக்கா நகரவில்லை. பின்னால் வந்த இரண்டு பேர் காத்து நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் அவர் சலித்துக்கொண்டே ஒரு கடை டிரம்மை எடுத்து, கண்ணாடித் தோலை மாட்டினார். அக்கா சாவியை வாங்கி, ஒரு திருகுக்கு எதிரே இருக்கும் திருகு என்று மாற்றி மாற்றி முறுக்கி அடித்தார். சந்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இதான் இப்ப எல்லாரும் வாங்குதாங்க. ரொம்பத் தூரம் கேக்கும்” என்றார் அண்ணாச்சி.

அக்கா என்னைப் பார்த்து, “பாடு” என்றார்.

“இங்கயாக்கா?”

“பவனிப் பாட்டுல ரெண்டு அடி பாடு. ஒன்ன யாரும் தூக்கிட்டுப் போவ மாட்டாவ.”

பாடினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தகரத்தில் கல் விழுவது போல டிரம் அதை மூடிவிட்டது. பிறகு வெள்ளைத் தோலை மாட்டச் சொன்னார். அதே அடியை அடித்தார். நான் அதே இரண்டு வரியைப் பாடினேன். இந்த முறை அடிக்கு அடி இடைவெளியில் பாட்டின் சொற்கள் கேட்டன.

“இத எடுங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, இதுலதான் பெயிண்ட் நிக்கும்” என்றேன்.

“எனக்குத் தெரியாதா?”

“கண்ணாடித் தோல எடுத்தா…”

“எடுத்தா ஒங்க மாமன் சொன்னது சரியாப் போவும். பவனியில நூறு பேரு பாடுதாவ. பாட்ட மூடுத டிரம்ம வச்சு நான் என்ன செய்ய? காவலுக்கு வந்தவ காவல் மட்டும் பாரு.”

அன்று சாயங்காலம் மாமா அந்தத் தோலை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். “வெள்ளையா? அவளாவா எடுத்தா?” அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அக்கா தப்பான தோலை எடுத்து வந்திருந்தால் எபனேசரின் பேடை முன்னால் நிறுத்தியிருப்பார். பிறகு என்னிடம், நடுவில், நாலு விரல் உயரத்தில், சிவப்பு எனாமலில் இரண்டு பூச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மாலை, சபையார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தின பவனி. கோயில் கேட்டைத் தாண்டி டிரம் தெருவுக்கு வந்ததும் மாமா என் பக்கத்தில் வந்தார்.

“பேரு எங்க?”

“வளையத்த ஒட்டி இருக்கு மாமா. கறுப்பு மையில.”

“ஓரத்துலயா? எங்கப்பா ஓரத்துல நின்ன ஆளா?”

அவர் வரிசைக்கு முன்னால் போய்க் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தார். அக்கா அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார். மாமா கத்தினார். பாட்டு கேட்டது, டிரம் கேட்டது, அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. கோயிலுக்குப் புதிதாக வைத்த தண்ணீர்த் தொட்டிக்குப் பெயர் எழுத வெளியூரிலிருந்து ஆள் கூப்பிட்டார். கிருபை அக்காவும் என்னோடு நெருங்கிவிடவில்லை. அடுத்த ஞாயிறு பாடகர் குழு முழுக்கக் கேட்கும்படி, “தாளத்துக்குப் பாடு பிள்ள, தூக்கத்துல நடக்காத” என்றார்.

பவனிக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை மாலை, அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பட்டியலிலிருந்து பெயரை அடித்த நாளுக்குப் பிறகு எங்கள் வாசல் பக்கம் அவர் வந்ததேயில்லை. அன்றும் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே, ஸ்கூட்டர் எஞ்சினை நிறுத்தாமல் ஒரு காலை ஊன்றி இருந்தார். மாமா வெளியே போயிருந்தார். மேசையில் வெள்ளைத் தோலும், அதன் நடுவில் நான் பென்சிலால் போட்ட கோடுகளும் இருந்தன. சிவப்பு டப்பாவை இன்னும் திறக்கவில்லை. நான் கேட்டருகே போனேன். அவர் என்னைப் பார்க்காமல், ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பார்த்துப் பேசினார்.

“பேரு வேண்டாம்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். ஒங்க தாத்தா முன்னால ஒருதடவ கேட்டு நின்னது எனக்குப் போதும். ஆனா பதினோரு வருசம் அந்தப் பேரத்தான் அடிச்சிருக்கேன், பொய் சொல்லல. இனிம முடியாது பிள்ள. நடுவுல எழுதாத. வளையத்த ஒட்டி, குச்சி படாத எடத்துல எழுது.”