எழுபதுக்குள் அடங்காத அறிவிப்பு

காலை ஐந்தரை இருக்கும். ஃபஜ்ர் தொழுதுவிட்டு விரிப்பை மடித்துக்கொண்டிருந்த ஃபாயிசா, கதவு தட்டும் சத்தம் கேட்டுப் போய்த் திறந்தாள். வாசலில் அம்சவள்ளி, உப்பளத்தில் ஒரு செட்டு ஆட்களுக்குத் தலைவி. தலையில் சும்மாடு, கையில் வீட்டுக்காரரின் பட்டன் போன்.

“கண்ணாடிக்காரம்மா, இத நீயா அனுப்புன?”

போனை வாங்கிப் பார்த்தாள். நேற்று மாலை ஏழு மணிக்கு வந்த மெசேஜ். ‘உப்பளத் தொழிலாளர்களுக்கு அறிவிப்பு. நாளை பாத்திக்குப் போக வேண்டாம்’ என்று இருந்தது. அவ்வளவுதான்.

“மீதி எங்கக்கா?”

“மீதி இப்பதான் வந்துச்சு. கீழ தள்ளிப் பாரு.”

தள்ளினாள். ‘என்று கண் எரிச்சல் சொல்கிறதா? வாங்க. நூர் கண்ணாடிக் கடை.’ வந்த நேரம் காலை ஐந்து ஐந்து.

ஃபாயிசா மேலே தள்ளி முதல் துண்டை மறுபடி படித்தாள். அந்த இரண்டு துண்டும் ஒரே வாக்கியம். மூன்று நாள் உட்கார்ந்து அவளே யோசித்து எழுதிய வாக்கியம்.

“பாத்தியில ஒரு ஆளு இல்ல. என் செட்டு பன்னெண்டு பேரும் போத்திக்கினு படுத்திருக்காளுங்க. மேக்கால எந்தச் செட்டும் வரல. கேட்டா, கவர்மெண்டு சொல்லிடுச்சு, புயல் வருதுன்றாளுங்க. இந்த ரெண்டாவது துண்டு வந்தப்புறந்தான் எனக்கே தெரிஞ்சுது, இது உன் கட வெளம்பரம்னு.”

மரக்காணம் கடைத்தெருவில் ஃபாயிசா கண்ணாடிக் கடை போட்டு ஆறு வருடமாகிறது. புதுச்சேரியில் கண் பரிசோதனைக்குப் படித்தவள். கணவன் இஜாஸ் ஷார்ஜாவில். வெயிலில் உப்புப் பாத்தி கண்ணைக் குத்தும் ஊர் இது. வருடம் பூராவும் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து கண் சிவந்து, நீர் வழிந்து, நாற்பது வயதிலேயே ஊசி கோக்க முடியாமல் போனவர்கள்தான் அவளுடைய வாடிக்கையாளர்கள். கண்ணாடி தயாரானதும் சொல்வதற்காக ஒவ்வொருவரிடமும் நம்பர் வாங்கி நோட்டில் எழுதி வைத்திருந்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு நம்பர்.

இந்த வருடப் பொங்கலுக்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏசி போட்ட ஷோரூம் ஒன்று வந்தது. கடையில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. புதுச்சேரியில் மொத்தமாக மெசேஜ் அனுப்பித்தரும் கம்பெனி ஒன்றின் ஆள் சரத்குமார் கடைக்கு வந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

“மேடம், ‘சலுகை’ன்னு ஆரம்பிச்சீங்கன்னா ஒருத்தர் தொறக்க மாட்டாங்க. ‘அறிவிப்பு’ன்னு போடுங்க. கை தானா அமுக்கும்” என்றான்.

அப்போதே அவளுக்கு ஒரு நெருடல் இருந்தது. ஆனாலும் போட்டாள். தமிழில் எழுதினால் ஒரு மெசேஜில் எழுபது இடம்தான் என்றும் அவன் சொன்னான். புள்ளிக்கு ஓர் இடம், கொம்புக்கு ஓர் இடம், இடைவெளிக்கும் ஓர் இடம். தாண்டினால் இரண்டு துண்டாகப் போகும். போன் அதுவே ஒட்டிக்கொள்ளும், கவலையே வேண்டாம் என்றான். அவளுடைய பெரிய போனில் அழகாக ஒட்டிக்கொண்டுதான் வந்தது. உப்பளத்துப் பெண்களின் பட்டன் போன்களை அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

அம்சவள்ளியின் போன் அலறியது. பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் சிவஞானம். அம்சவள்ளி ஸ்பீக்கரைப் போட்டு, “கண்ணாடிக்காரம்மாகிட்டயே பேசுங்க” என்று நீட்டினாள்.

“ஏம்மா, கண்ணாடிக் கடயா? பதினஞ்சு நாள் வெளஞ்ச உப்பு பாத்தியில கெடக்குது. மத்தியானம் மழன்னு ரேடியோவே சொல்லுது. இன்னிக்கு வாரி மேட்டுல ஏத்தலன்னா அத்தனையும் தண்ணி. நான் போன் பண்ணா ஒருத்தியும் நம்ப மாட்றா. மழையில சாவடிக்கக் கூப்புடறியான்னு என்னியே கேக்கறாளுங்க. உங்களுக்கு வெளையாட்டா இருக்குதா?”

“இல்லீங்கண்ணே. நான் சரி பண்றேன்.”

“எப்டி?”

கேட்ட வேகத்தில் போன் வைக்கப்பட்டது.

“உப்புக்காரருக்கு உப்பு போவும்” என்றாள் அம்சவள்ளி. “எங்களுக்கு இன்னா போவும் தெரியுமா? வாரலுக்குத்தான் கூலி. பாத்திய ரெடி பண்ண பதினஞ்சு நாளும் இந்த ஒரு நாள நம்பித்தான். இருநூறு பேரு.”

வெளியே வெளுத்துக்கொண்டு வந்தது. கடல் பக்கம் மேகம் நீலம் பாரித்து நின்றது. காற்று இல்லை. இலை அசையவில்லை.

ஃபாயிசா சரத்குமாரைக் கூப்பிட்டாள். ஏழாவது தடவை எடுத்தான்.

“புது மெசேஜ் உடனே போட முடியாது மேடம். வார்த்தைக்கு அப்ரூவல் வாங்கணும். நாளைக்கு ஆயிடும். நீங்க ஏன் டென்ஷன் ஆவறீங்க? கேட்டா டெக்னிக்கல் எரர்னு சொல்லிடுங்க.”

வைத்துவிட்டாள். தன் சொந்த போனிலிருந்தே அனுப்பலாம். ஆனால் அவள் போட்டிருந்த ரீசார்ஜுக்கு ஒரு நாளைக்கு நூறு மெசேஜ்தான். துண்டாகப் போனால் ஐம்பது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்தில் கை வைத்தாள்.

“எல்லாருக்குமா அனுப்பப் போற?” அம்சவள்ளி நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். “எல்லாரும் அவளவ தலைவி வந்தாத்தான் கெளம்புவா. பத்தொம்போது செட்டு. என்னோட சேத்து பத்தொம்போது தலைவி. மொதல்ல அவளுங்கள எழுப்பு. அப்புறம் மத்தவங்கள பாத்துக்கலாம். நான் பேர் சொல்றேன், டிக் அடி.”

“நீங்களே போன் பண்ணிச் சொல்லலாமேக்கா? உங்கள நம்புவாங்கல்ல?”

அம்சவள்ளி வினோதினியின் நம்பரை அமுக்கினாள். மேற்குப் பாத்தியின் முதல் செட்டுக்குத் தலைவி அவள். “வினோ, வேல இருக்குதுடி, கெளம்பு” என்றாள். மறுமுனையில் கொட்டாவி சத்தம். பிறகு, “எழுத்துல வந்திருக்குது அம்சா. நீ வாயால சொல்ற. சிவஞானம் டீ வாங்கிக் குடுத்தாரா?”

அம்சவள்ளி போனை அணைத்தாள். “பாத்தியா? எழுத்துல வந்தத எழுத்துலதான் அடிக்கணும்.”

ஃபாயிசா தட்டத் தொடங்கினாள். ‘நெட்வொர்க் கோளாறு காரணமாக நேற்று தவறான தகவல் வந்துவிட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ மூலையில் இருந்த எண் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறியது.

“இன்னா அந்த ரெண்டு?”

“ரெண்டு துண்டா போகும்னு அர்த்தம்.”

“ரெண்டாப் போனதாலதான இந்தக் கூத்து? ஒண்ணுல முடி.”

‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ போனது. எண் ஒன்றானது. ஆனாலும் போதாது. அவள் யோசித்தாள். எதை எடுப்பது? ‘இன்று வேலை உண்டு’ என்பதை இன்னும் எழுதவே இல்லை. அதற்கே பதினாறு இடம் வேண்டும், மிச்சம் இருப்பதோ பன்னிரண்டு. இருப்பதில் பெரிய சொல் நெட்வொர்க் கோளாறுதான். அதை எடுத்துவிட்டால் யார் செய்த தவறு என்று வாசிக்கிறவர்கள் கேட்பார்கள்.

“அக்கா, என் கடைப் பேரு கெட்டுடும்.”

“ஏம்மா, இப்ப மட்டும் இன்னா மணக்குதா?”

ஃபாயிசா எல்லாவற்றையும் அழித்தாள். வெள்ளைத் திரையில் குச்சிபோல் அந்தக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. கடிகாரம் ஆறைத் தாண்டிவிட்டது. தட்டினாள்.

‘நேற்று வந்தது அறிவிப்பு இல்லை. என் கடை விளம்பரம். வேலை உண்டு. ஃபாயிசா’

எண்ணிப் பார்த்தாள். அறுபத்தொன்பது. மன்னிப்பு கேட்க இடமில்லை. சாக்குச் சொல்லவும் இடமில்லை. ஒரே ஓர் இடம் மிச்சம். அதில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள்.

“படி” என்றாள் அம்சவள்ளி. படித்தாள். “ம். அனுப்பு.”

முதல் மெசேஜ் வினோதினிக்குப் போனது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மணி அடித்தது.

“ஏம்மா கண்ணாடி,” வினோதினி கத்தியது அறை பூராவும் கேட்டது, “உனக்கு அறிவு இருக்குதா? வெளம்பரத்துக்கு அறிவிப்புன்னா பேரு வெப்ப? இரு, வேலைய முடிச்சுட்டு வர்றேன் உன் கடைக்கு.”

“வேலைக்குப் போறீங்கல்ல?”

“போகாம? மழைக்கு உன் அப்பனா வந்து வாருவான்?”

இத்தனை சந்தோஷமாக ஃபாயிசா இதுவரை திட்டு வாங்கியதில்லை. அடுத்தடுத்து அனுப்பினாள். அம்சவள்ளி பேர் சொல்லச் சொல்ல விரல் ஓடியது. அரை மணி நேரத்தில் பதினாறு தலைவிகள் திட்டிவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். ஒருத்தி திட்டாமலே கிளம்பினாள். பத்தொன்பதாவது ஆள் அனுமந்தை மேரிசெல்வி. பதிலே இல்லை. கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

“அவ வூட்டாண்ட போய் பாரு” என்று சொல்லிவிட்டு அம்சவள்ளி தன் செட்டைக் கூட்டிக்கொண்டு பாத்திக்குப் போக ஓடினாள்.

ஃபாயிசா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அனுமந்தைக்குப் போனாள். மேரிசெல்வியின் வீடு பூட்டியிருந்தது. உள்ளே சார்ஜில் கிடந்த போன், அவள் கூப்பிட்டபோதெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் வலையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “லீவுன்னு மெசேஜ் வந்துச்சாம்ல. செட்டோட பிரம்மதேசத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. அஞ்சு மணிக்கே ஷேர் ஆட்டோ பிடிச்சு.”

பிரம்மதேசத்தில் எந்த மண்டபம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஃபாயிசா போனாள். முதல் மண்டபத்தில் வேறு கல்யாணம். இரண்டாவது பூட்டியிருந்தது. மூன்றாவதில் பந்திக்கு நின்ற வரிசையில் பட்டுப்புடவையோடு மேரிசெல்வியைக் கண்டுபிடித்தபோது மணி பத்தே கால். ஃபாயிசா மூச்சு வாங்கச் சொன்னதை அவள் முழுதாகக் கேட்டாள். முகம் மாறவில்லை. இலை போட்ட இடத்திலிருந்து தன் ஆட்களை ஒவ்வொருத்தியாக எழுப்பினாள். பதினோரு பேர். ஒருத்தியும் சாப்பிடவில்லை.

அவர்கள் பாத்திக்கு வந்து சேர்ந்தபோது மேற்கில் வேலை உச்சத்தில் இருந்தது. பலகை இழுக்கும் சத்தம், கூடை தூக்குகிறவர்களின் சத்தம். மேட்டில் வெள்ளை அம்பாரங்கள் ஏறிக்கொண்டிருந்தன. சிவஞானம் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். ஃபாயிசாவும் புர்காவை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தாள். உப்பு காலைக் கடித்தது. யாரோ கூவினார்கள், “ஏய், அறிவிப்பு வந்துட்டாங்க! வழி வுடுங்கடி!” சிரிப்பு பாத்தி பாத்தியாகப் போனது. அவள் தலை நிமிரவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு முதல் துளி. பெரிய துளி, தார்ப்பாயில் விழுந்து உடைந்தது.

மேற்கில் பதினெட்டு செட்டின் உப்பும் மேட்டில் ஏறிவிட்டது. கிழக்கில் மேரிசெல்வியின் செட் பாதிகூட வாரியிருக்கவில்லை. அந்தப் பதினோரு பேரும் மழையில் நின்று வாரினார்கள். பலகைக்கு முன்னால் உப்பு குழைந்து சேறாகி, பிறகு தண்ணீராகி, வாய்க்காலுக்கே திரும்பிப் போனது. ஃபாயிசா வரப்பில் நின்று பார்த்தாள். மேரிசெல்வி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மறுபடி குனிந்து வாரினாள்.

அந்த வாரம் சரத்குமார் போன் செய்தான். “சூப்பர் ரீச் மேடம்! மரக்காணத்துல உங்க கடை தெரியாத ஆளே இல்லயாம். அடுத்து என்ன போடலாம்?”

“யாருக்குப் போடலாம்னு மொதல்ல கேட்டுக்கறேன்” என்றாள் ஃபாயிசா.

அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நோட்டைக் காட்டிக் கேட்டாள். கண்ணாடி ரெடியானா மெசேஜ் போடட்டுமா? கடை சமாச்சாரமும் போடட்டுமா? என்ன நேரத்துக்குப் போட்டா தொந்தரவு இல்ல? எந்த போன்? சிலர் சரி என்றார்கள். பலர், “கண்ணாடிக்கு மட்டும் போடு தாயே” என்றார்கள். முன்னூற்றுப் பன்னிரண்டு, நூற்று நாற்பது ஆனது. ஒவ்வொரு மெசேஜையும் அம்சவள்ளியின் பட்டன் போனுக்கு முதலில் அனுப்பி, அவள் வாயால் படிக்கக் கேட்டபிறகே மற்றவர்களுக்கு அனுப்பினாள். எல்லாம் ‘ஃபாயிசா’ என்ற பெயரில்தான் ஆரம்பித்தன.

மேரிசெல்வி மட்டும் கடைப் பக்கம் வரவில்லை. மழைக்கு முன்பே அவள் சொல்லிவைத்திருந்த படிக்கிற கண்ணாடி தயாராகி மேசை டிராயரில் கிடந்தது. மெசேஜ் போட ஃபாயிசாவுக்குக் கை வரவில்லை. ஒரு சாயங்காலம் கண்ணாடியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அனுமந்தைக்கே போனாள்.

மேரிசெல்வி கண்ணாடியை வாங்கி மாட்டினாள். சரிபார்க்க எதையாவது படிக்க வேண்டுமே. சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் பட்டன் போனை எடுத்தாள். அந்த மெசேஜ் இன்னும் இருந்தது. முதல் துண்டு, இரண்டாவது துண்டு. எட்டாவது வரை படித்தவள். எழுத்து எழுத்தாக, உரக்கப் படித்தாள்.

“‘என்று கண் எரிச்சல் சொல்கிறதா? வாங்க.’” நிறுத்தினாள். “இது மறுநாள் சாயங்காலந்தான் எனக்கு வந்துச்சு.”

“தப்பு என் மேலதாங்கக்கா.”

“அதான் எழுதிட்டியே. வூட்டுக்கு வந்து பாத்தேன்.” கண்ணாடியைக் கழற்றாமலே ஃபாயிசாவைப் பார்த்தாள். “கண்ணாடி நல்லாருக்குது. என் நம்பர எடுத்துடு.”

“அடுத்த தடவ கண்ணாடி ரெடியானா எப்டி சொல்றது?”

“நானே வந்து பாத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் அனுப்பாத.”

ஃபாயிசா நோட்டைத் திறந்தாள். ‘மேரிசெல்வி, அனுமந்தை’ என்ற வரிக்கு நேரே இருந்த நம்பரின் மேல் பேனாவால் கோடு போட்டாள். மேரிசெல்வி குனிந்து, புதுக் கண்ணாடி வழியாக அதை உற்றுப் பார்த்தாள்.

“நல்லா அடி. கடைசி ரெண்டு நம்பர் இன்னும் தெரியுது.”