ரூபேந்திரனின் தம்பி

என் தம்பி கமலநாதன் செனாய் ஊரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். நாங்கள் குடியிருக்கும் தாமானில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ரூபேந்திரன் தம்பி என்றால்தான் தெரியும். ரூபேந்திரனுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பத்துப் பையன்களைப் பின்னால் வைத்துக்கொண்டு பெரிய மனிதன் வேஷம் போட்டவன். அவன் கூப்பிட்டால் என் தம்பி சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுவான். பெற்ற தாய் கூப்பிட்டுக்கூட அப்படி எழுந்ததில்லை.

ஒரு சாப்பாட்டுக் கடைச் சண்டையில் ரூபேந்திரன் ஒருவனைப் பாராங் கத்தியால் வெட்டினான். கமலன் பக்கத்தில் நின்றான், அவ்வளவுதான். மறுநாள் போலீஸ் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தது. தன் ரூபேந்திரன் அண்ணனைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று இந்த மடையன் தானே வெட்டியதாக ஒத்துக்கொண்டான். ஏழு வருடம் போட்டார்கள்.

எல்லை தாண்டி நான் வேலைக்குப் போகும் சிங்கப்பூர் தொழிற்சாலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருபவள் ரூபினி, ரூபேந்திரனை விட்டுப் பிரிந்து வந்த மனைவி. தம்பி உள்ளே போய்ச் சில மாதம் கழித்து ஒருநாள் மெல்லச் சொன்னாள்.

"போலீஸுக்குப் போன் பண்ணி ஒன் தம்பி பேரச் சொன்னதே அவருதான் பிரேமலா. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

தீபாவளிக்குச் சிறையில் கண்ணாடித் தடுப்பு இல்லாமல் குடும்பத்தோடு உட்கார விடுவார்கள். அன்றைக்கே சொல்லிவிடுவது என்று போனேன். உண்மை தெரிந்தால் அப்பீல் செய்யலாம், சீக்கிரம் வெளியே வரலாம்.

அவன் வந்து உட்கார்ந்தான். உதட்டில் தையல். வேறு கேங் ஆட்கள் குளிக்கிற இடத்தில் அடித்தார்களாம். ரூபேந்திரனின் ஆட்கள் ஓடிவந்து சுற்றி நின்றதால் உயிர் தப்பினானாம். இப்போது அவர்கள் நடுவில்தான் படுக்கிறானாம்.

"அண்ணன் பேரு இல்லன்னா நான் இல்லக்கா," என்றான்.

வாய் வரைக்கும் வந்ததை அப்படியே விழுங்கினேன். இதைக் கேட்டு இவன் அவர்களிடம் ஒரு வார்த்தை முறைத்துப் பேசிவிட்டால், அடுத்த முறை யார் சுற்றி நிற்பார்கள்? அண்ணன் உன்னை ரொம்ப விசாரித்தார் என்று பொய் சொன்னேன். அதன்பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் அந்தப் பாவியின் அன்பைத் தபால்காரி மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தேன். கோயிலில் ரூபேந்திரன் எதிரே வந்தால் கையெடுத்துக் கும்பிட்டேன். நான் முகம் திருப்பினால் அந்தச் செய்தி எனக்கு முன்னால் உள்ளே போய்விடும். வீட்டுக்கு வந்து தட்டுமுட்டுச் சாமான்களைப் போட்டு உடைப்பேன். வேறு யாரிடம் காட்டுவது?

நன்னடத்தைக் கழிவு போக, போன மாதம் விட்டார்கள். காரில் ஏறியதும் சாவியைக்கூடத் திருப்பாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் பதறவில்லை.

"தெரியும்கா. உள்ள போன மொத மாசமே தெரியும். அவன் ஆளுங்களே சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்க. நானும் சேந்து சிரிச்சேன். இல்லன்னா உயிரோட வந்திருக்க மாட்டேன்லா."

அவனுக்குத் தெரியக் கூடாதென்று நானும், எனக்குத் தெரியக் கூடாதென்று அவனும், இத்தனை வருடம் ஒருவருக்கொருவர் நடித்திருக்கிறோம். ஸ்டியரிங்கைக் குத்திக் குத்தி அழுதேன். இனி அந்த நாயின் முகத்திலேயே முழிக்க வேண்டாம், வேறு ஊருக்குப் போய்விடலாம் என்றேன். கையில் ஒன்றும் இல்லாமல் எங்கே போவது என்று கேட்டான்.

காரை ஓட்டிக்கொண்டு வந்தால், தாமான் முனையில் உறுமி மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. சிறையிலிருந்து வரும் தம்பிகளுக்கு அந்தக் கும்பல் செய்கிற மரியாதை. என் தம்பி படம் போட்ட பேனருக்குக் கீழே ரூபேந்திரன் ஆளுயர மாலையோடு நின்றான். கமலன் இறங்கிப் போய், தலையைக் குனிந்து, அதை வாங்கிக்கொண்டான். பையன்கள் விசில் அடித்தார்கள். நான் ஓடிப்போய் அதைப் பிய்த்து எறியக் கை நீட்டினேன்.

கமலன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

"சிரி அக்கா," என்றான், உதடு அசையாமல். "பாத்துக்கிட்டு இருக்கான்."

பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.