கசக்காத மருந்து

முதலில் தடித்தது நாக்குதான். ரெங்கம் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், காலைப் பெரட்டில் (வேலைக்குமுன் ஆள் கணக்கெடுக்கும் இடம்) பெயர் வாசிக்கும் சின்னக் கிராணி (எழுத்தர்) நான். பால்மரம் வெட்டும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அன்று "வீராயி" என்ற பெயர் வாய்க்குள்ளேயே குழைந்து நின்றது.

நோய் என்று எனக்கு ஒன்று வந்தது மருந்துக்குப் பிறகுதான். அதற்குமுன் இருந்தது இவ்வளவே: ஆண்கள்மேல்தான் எனக்கு ஆசை எழும். பெண்கள்மேல் எழுந்ததில்லை. வீட்டில் எனக்குத் தங்காக் என்ற ஊரில் பெண் பார்த்தபோது பயந்துபோய், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸரிடம் (வைத்தியம் பார்க்கும் உதவியாளர்) சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர். தான் படித்த பத்திரிகைகளை எனக்குத் தருவார். என்னைச் சமமாக உட்காரவைத்துப் பேசிய ஒரே படித்தவர்.

"பயப்பிடாதையும் தம்பி, நரம்புக் கோளாறுதான். மாத்திப்போடலாம். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

கொடுத்தது புரோமைடு (நரம்பை மந்தமாக்கும் உப்பு). யாருக்கும் சந்தேகம் வராதபடி, காலையில் எல்லாருக்கும் கொயினா (மலேரியாக் காய்ச்சலுக்கான கசப்பு மருந்து) ஊற்றும் வரிசையிலேயே எனக்கும் ஊற்றினார், வேறு போத்தலிலிருந்து. கொயினா குடித்து முகம் கோணாதவர் கிடையாது. என் மருந்து உப்புக் கரித்ததே தவிர, கசக்கவில்லை. முகத்தைச் சுளித்து வைக்கவேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"நமக்கெல்லாம் கொடலப் பொரட்டுது, கிராணி ஐயாவுக்கு மட்டும் பாயாசம் ஊத்துறாங்கடி!" என்றாள் வீராயி. வரிசையே சிரித்தது. நானும் மந்தமாகச் சிரித்தேன்.

பிறகு முகமெல்லாம் பருக்கள் வெடித்தன. நின்றபடியே தூங்கினேன். மத்தியானம் சாப்பிட்டேனா என்பது சாயங்காலம் தெரியாது. ஆசை மட்டும் போகவில்லை. அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடியதுபோல் இருந்தது.

ஒருநாள் அப்பா தாம்பாளத்தில் பழம் அடுக்கிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன்.

"வெளையாடுறியா? பரிசம் போட்டாச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க முன்னால நீதானடா தலையாட்டுன?"

அந்த நாளே என் நினைவில் இல்லை.

டிரெஸரிடம் ஓடினேன். இந்த மருந்தால் யாராவது மாறியிருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் ஊசியைத் துடைத்தபடி சொன்னார்:

"மாறின ஒருத்தரையும் நான் காணேல்லை. உம்மட அப்பர்தான், கலியாணம் முடியுமட்டும் அடக்கிவைக்கச் சொன்னவர்."

நான் வாய் திறந்த அன்றே அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

அப்பாவும் மறைக்கவில்லை. "மந்திரிக்கக் கூப்பிட்டா நீ வரமாட்டே. படிச்சவன். மருந்துன்னா கேள்வி கேக்காம குடிச்சிருவேன்னு நெனச்சோம்."

என்னைப் படிக்க அனுப்பியவர் ஒருவர். படித்தவன் என்று மதித்தவர் மற்றவர். இருவரும் சேர்ந்து அந்தப் படிப்பை வைத்தே என்னைப் பிடித்தார்கள்.

உங்களையும் மாற்றித் தருவதாகச் சொல்லி ஒருவர் போத்தலைத் திறக்கலாம். யார் சொல்லி ஊற்றுகிறார் என்று முதலில் விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை. என்னிடம் குணமாக்க வேண்டிய நோய் எதுவும் இருக்கவும் இல்லை.

மருந்தை நிறுத்தினேன். தங்காக்குக்கு நானே போய், பெண்ணின் அண்ணனிடம் கல்யாணம் வேண்டாம் என்றேன். கன்னத்தில் அறைந்தார். அந்த அறை எனக்கு முழுதாக நினைவிருக்கிறது.

இப்போது வரிசையில் எல்லாரையும்போல் பொதுப் போத்தல் கொயினாதான் குடிக்கிறேன். முதல் நாள் கசப்பில் என் முகமும் கோணிப்போனது. "இன்னிக்குத்தான் மூஞ்சி மூஞ்சியா இருக்கு" என்றாள் வீராயி.

நாக்கு பழையபடி புரள்கிறது. ஆனாலும் யாராவது எதையாவது கேட்டால், வாய்க்குள் நாக்கை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.